பூட்டுக்கு ஒரு பந்து

பார்சல் பிரிக்கிற கொட்டகையில் லாரியின் பின்கதவு திறந்தால் மற்றவர்கள் இரண்டடி பின்னால் போவார்கள்; பூட்டு ஓரடி முன்னால் வருவாள். மேலே நிற்கிறவர் பெட்டிகளை எடுத்துப் போட, அவை சாக்கு மெத்தையில் விழுந்து அடங்கிய பிறகு குனிந்து எடுப்பதுதான் அங்கே எல்லோருக்கும் பழக்கம். பூட்டுக்கு அதெல்லாம் ஆகாது. முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கைகளையும் விரித்து, கண்ணைப் பெட்டி மேலேயே வைத்து நிற்பாள். பெட்டி காற்றில் இருக்கும்போதே வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். அதனால் ‘உடையும் பொருள்’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டியதெல்லாம் அவள் பங்குக்குத்தான் வரும்.

லாரி மேலே நின்று பெட்டி போட்டுக்கொண்டிருந்தவர்தான் பிற்பாடு அவளுக்குப் புருஷன் ஆனார். “நான் போட்டது ஒண்ணைக்கூட இவ கீழ விட்டதில்லை. அதைப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன்” என்று அவர் யாரிடமாவது சொன்னால், “கனமா இருந்ததையெல்லாம் என் தலையில கட்டத்தான் கட்டிக்கிட்டாரு” என்று அவள் உள்ளேயிருந்து திருத்துவாள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. வலது முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடும். ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“என்ன பூட்டு, பந்து வந்துச்சா?”

கொக்கு. வேறு யாரும் அப்படி ஆரம்பிக்க மாட்டார்கள். நெடுநெடுவென்று வளர்ந்த கால்களுக்காகக் கொக்கு ஆனவள். ஒரு காலத்தில் நாட்டின் கால்பந்து அணிக்காகக் கோல் அடித்தவள். இப்போது இரண்டு மருந்துக் கடைக்கு முதலாளி. ஆனாலும் இருபத்து மூன்று வருடமாக வணக்கம், நலமா எதுவும் கிடையாது. கல்யாணத்துக்கு வந்தபோது மேடையில் ஏறி மாப்பிள்ளை காதுபடக் கேட்டாள். பிரசவ வார்டில் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். எப்போது கேட்டாலும் பூட்டின் பதிலும் ஒன்றுதான்.

“எங்கடி வருது? நீங்க விட்டாத்தானே.”

“ஞாயித்துக்கிழமை வரும். பழைய மைதானத்துக்குப் புதுப் புல் போட்டிருக்காங்களாம். திறப்புக்கு நம்ம செட்டைக் கூப்பிட்டு ரெண்டு பக்கமாப் பிரிச்சு ஆட விடறாங்க. கேப்டன் மேஸ்திரி வரா. கீப்பர் புதுசும் வரா.”

“எனக்கு முட்டி இருக்கற நிலைமைக்கு…”

“எல்லாருக்கும் முட்டி அப்படித்தான் இருக்கு. கோல் கம்பம் நடுவுல நிக்கறதுக்கு முட்டி எதுக்கு? அதுலதான் உனக்கு நல்ல பழக்கம் ஆச்சே.”

பூட்டு போனை வைத்துவிட்டுக் கழுவின டப்பாவையே மறுபடி கழுவினாள். புருஷன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதை அவருக்குத் தெரியும். கொட்டகையில் பாதிப் பேருக்குத் தெரியும்.

*

அவள் கோல்கீப்பர் ஆனது அம்மாவின் புண்ணியத்தில். மூன்றாவது மாடியில் ஒன்றரை அறை வீடு. படி ஏறி இறங்க அலுப்புப்பட்ட அம்மா, கடைக்குப் போகிற பை, மறந்து வைத்த நோட்டு, குடை, அப்பாவின் சாப்பாட்டுப் பாத்திரம் என்று எல்லாவற்றையும் மாடியிலிருந்தே தெருவுக்குப் போடுவாள். கீழே நின்று பிடிக்கிற வேலை மூத்த மகளுக்கு. தவறவிட்டால் திட்டு, பாத்திரமாக இருந்தால் திட்டோடு அப்பாவின் பட்டினியும் சேரும். பத்து வயதிலேயே அவளுக்கு உள்ளங்கை அகலம். பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கால்பந்து அணி சேர்த்தபோது, டீச்சர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் கம்பத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். கோல் வாசலை அவள் அடைத்த அடைப்பில் ஒரு வருடத்துக்குள் பெயர் பூட்டு என்று ஆகிவிட்டது.

இருபத்தைந்து வயதில் நாட்டின் அணிக்கே எடுத்தார்கள். எடுத்தார்கள் என்றால், இரண்டாவது கீப்பராக.

முதல் கீப்பரை எல்லோரும் மேடம் என்று கூப்பிடுவார்கள். நல்ல மனுஷி. ஆனால் காய்ச்சல், தலைவலி, சுளுக்கு எதுவும் கிட்டே வராத மனுஷி. கீப்பரை யாரும் சும்மா மாற்ற மாட்டார்கள். அவருக்கு ஏதாவது ஆனால்தான் இரண்டாவது ஆள் இறங்க முடியும். மேடத்துக்கு எதுவும் ஆகவில்லை. ஆறு வருடம் ஆகவில்லை. பூட்டு ஊர் ஊராகப் போனாள், விமானம் ஏறினாள், தேசிய கீதத்துக்கு வரிசையில் நின்றாள், பிறகு போய் மைதான ஓரத்துப் பலகையில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாலும் சும்மா இருக்கவில்லை. யாருக்குக் கணுக்காலில் துணி சுற்ற வேண்டும், யார் தோற்றால் அழுவாள், யார் ஜெயித்தாலும் அழுவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதன்முதலாக விமானத்தில் ஏறிய கொக்கு பயத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்து ஒரு வாரம் தழும்பு இருந்தது. அணியில் அவளைப் பிடிக்காதவர்கள் என்று யாரும் கிடையாது. ஆடாதவள் மேல் யாருக்குப் பொறாமை வரும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டில் அம்மா எதுவும் கேட்க மாட்டாள். பையை வாங்கி, ஆட்டத்துக்குக் கொடுத்த சட்டையை மட்டும் வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பாள். சேறு இல்லை, புல்கறை இல்லை. மடிப்பு கலையாத சட்டை.

“துவைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே” என்று அப்படியே அலமாரியில் வைத்துவிடுவாள். வேறு எதுவும் சொல்லியிருந்தால்கூட பூட்டுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு மேடம் ஓய்வு பெற்றார். அடுத்த பெரிய போட்டிக்கு முகாம் கூடியபோது பூட்டுக்கு வயது முப்பத்தொன்று. இந்த முறை இறங்கினால் உண்டு. அதற்கடுத்தது நாலு வருடம் கழித்து. அதற்குள் அவள் முட்டி அவளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிடும். ஒன்றாம் எண் சட்டை இனி அவளுடையதுதான் என்று முகாமில் அத்தனை பேரும் பேசிக்கொண்டார்கள். யார் போட்ட கண்ணோ, அந்த மாதம்தான் கால்பந்துச் சங்கத்துக்கும் பழைய கோச்சுக்கும் சண்டை வந்தது.

*

சண்டை எதற்கு என்று கடைசிவரை யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கோச் போய்விட்டார். ஆட்களை எடுக்கப் புதிதாக ஒரு தேர்வாளர் வந்தார். ஒல்லியான, வயதான ஆள். கையில் குடை, மடக்கு நாற்காலி. ஒரு காலத்தில் நன்றாக ஆடியவராம். ஆனால் பெண்கள் ஆடி அவர் பார்த்ததில்லை.

முதல் நாளே எல்லோரையும் புல்லில் உட்கார வைத்துப் பேசினார். “உங்கள்ல யாரையும் நான் முன்னப் பின்னப் பாத்ததில்லை. யார் சொல்றதையும் கேக்கப் போறதில்லை. நாளைக்கு ஒரு ஆட்டம். கண்ணால பாக்கறதை வெச்சுத்தான் எடுப்பேன்.”

நியாயமான பேச்சுத்தான். ஆனால் இரண்டு கீப்பர்கள் இருந்தார்கள். பூட்டு ஒன்று. இன்னொன்று அந்த வருடம்தான் முகாமுக்கு வந்திருந்த பத்தொன்பது வயதுப் பெண். தண்ணீர் லாரி ஓட்டுகிறவரின் மகள். யாரோடும் பேச மாட்டாள்; பேசினாலும் தரையோடு பேசுவாள். பெயர் மனதில் நிற்காததால் புதுசு என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் விடுதி அறையில், நாலு கட்டில் நடுவே, அணித்தலைவி கூட்டம் போட்டாள். தடுப்பாட்டக்காரி. மேஸ்திரி என்று பெயர். அப்பா கட்டடம் கட்டுகிறவர். மகள் மைதானத்தில் சுவர் கட்டுகிறவள்.

“நாளைக்கு ஆள் பிரிக்கற வேலை எங்கிட்ட விட்டிருக்கார்” என்றாள் மேஸ்திரி. “பழைய தடுப்பு மொத்தமும் பூட்டு பக்கம். கொக்கும் இந்தப் பக்கம். பூட்டுக்கு ஒரு கோல் விழக் கூடாது.”

“கோல் என்ன கோல்” என்றாள் கொக்கு. “ஒரு பந்தே போகக் கூடாது. அந்தப் பக்கம் புதுசுக்கு மூச்சு விட நேரம் குடுக்காம நான் அடிக்கறேன்.”

“அவ பாவம்டி” என்றாள் பூட்டு.

“பாவம் பாத்தா நீ இன்னும் நாலு வருஷம் பெஞ்சைத் தேய்க்க வேண்டியதுதான். பேசாமப் போய்ப் படு அக்கா” என்று அதட்டினாள் கொக்கு.

பூட்டு போய்ப் படுத்தாள். தன்னைவிட வயதில் சின்னவர்கள் தனக்காக இப்படி வரிந்து கட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துக்கொண்டே கண்ணை மூடினாள். நன்றாகத் தூங்கினாள்.

*

அந்த ஆட்டத்தைப் போல் ஒரு தடுப்பாட்டம் அந்த மைதானம் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. மேஸ்திரி சொன்னபடியே கட்டினாள் சுவரை. எதிர்ப்பக்கம் யார் பந்தைக் கொண்டுவந்தாலும் நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு கால் குறுக்கே விழுந்தது. தாண்டினால் மூன்று. நெற்றியில் வாங்கினார்கள், முதுகில் வாங்கினார்கள், ஒருத்தி பல்லில் வாங்கிக்கொண்டு துப்பிவிட்டுத் திரும்ப ஓடினாள்.

பூட்டு கம்பத்துக்கு நடுவே நின்றாள். முதல் பத்து நிமிடம் பெருமையாக இருந்தது. அரை மணி நேரத்தில் கால் மரத்தது. குதித்துப் பார்த்தாள். கம்பத்தைத் தட்டினாள். கையைத் தட்டினாள். தேவையே இல்லாமல் கத்தினாள். ஆட்டம் முழுக்க அந்தக் கோடியில், கொக்கு அடிக்கிற பந்தும் புதுசு பாய்கிற சத்தமுமாக நடந்துகொண்டிருந்தது. தேர்வாளர் இடைவேளையில் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு புதுசு நிற்கிற கோடிக்கே போய்விட்டார். போகிறவரின் முதுகைப் பார்த்ததும் பூட்டு கம்பத்தை விட்டு முன்னால் ஓடி வந்தாள்.

“மேஸ்திரி, ஒரே ஒரு பந்தை இந்தப் பக்கம் விடுடி. கைல தொட்டுட்டுத் தந்துடறேன்.”

“சும்மா இரு அக்கா. நாங்க இருக்கோம்ல” என்று திரும்பிப் பாராமலே சொன்னாள் மேஸ்திரி. மூச்சு வாங்கிக்கொண்டு, முழங்கால் முழுக்க ரத்தத்தோடு, அவ்வளவு அன்பாகச் சொன்னாள்.

மூன்றுக்குப் பூஜ்யம் என்று பூட்டு பக்கம் ஜெயித்தது. புதுசு மூன்றை விட்டாள். எத்தனையைத் தடுத்தாள் என்று எண்ணினவர் யாரும் இல்லை. எண்ணி முடியாது. உடம்பெல்லாம் சேறும் கீறலுமாக அவள் வெளியே வந்தாள். பூட்டு கையுறையைக் கழற்றினாள். காலையில் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை தேர்வாளர் பெயர்களைப் படித்தார். ஒன்றாம் எண், புதுசு. இரண்டாவது கீப்பர், பூட்டு.

மேஸ்திரி எழுந்து நின்றாள். “சார், இவங்க பக்கம் ஒரு கோல்கூட விழலையே சார்.”

“ஆமாம்மா. ஒரு பந்துகூட வரலையே. வராத பந்தை அவ எப்படிப் பிடிப்பானு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?” தேர்வாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்றோ என்னவோ, “நல்லா கை தட்டினா. அதைப் பாத்தேன்” என்றார்.

என்ன செய்துவிட்டோம் என்பது அந்த நொடியில்தான் அத்தனை பேருக்கும் உறைத்தது. உறைத்ததும் வந்தது கோபம். தன் மேல் வருகிற கோபத்தைப் போல வேகமாக அடுத்தவர் மேல் பாய்வது வேறு எதுவும் இல்லை.

*

அரை மணி நேரத்தில் விடுதித் தாழ்வாரம் முழுக்கப் பெட்டியும் ஆளுமாக உட்கார்ந்துவிட்டார்கள். பூட்டுக்கு ஒன்றாம் எண் கொடுக்காமல் போட்டிக்கு வண்டி ஏற மாட்டோம். சாப்பிடவும் மாட்டோம். சங்கத்துச் செயலாளர் வந்து, உங்களை விட்டால் வேறு ஆளே இல்லையா, இரண்டாம் அணியை அனுப்புவேன் என்று சத்தம் போட்டார். “அனுப்புங்க சார், நாங்களும் பாக்கறோம்” என்றாள் கொக்கு. எங்கிருந்தோ மோப்பம் பிடித்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். மறுநாள் பேப்பரில் மகளிர் அணியில் பிளவு என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே புதுசு யாரோ பெரிய இடத்துக்குச் சொந்தம் என்று பேசிக்கொள்வதாகவும் ஒரு வரி சேர்த்துவிட்டார். தண்ணீர் லாரிக்காரருக்கு எந்தப் பெரிய இடத்தில் சொந்தம் இருக்கும்? ஆனால் தாழ்வாரத்தில் யாரும் அதை மறுக்கவில்லை.

பூட்டும் மறுக்கவில்லை. அவளுக்கு அந்தச் சட்டை வேண்டும். அதற்காக மற்றவர்கள் பட்டினி கிடப்பது உறுத்தியது, ஆனாலும் வேண்டும். தாழ்வாரக் கோடியில் புதுசு தனியாக உட்கார்ந்து முழங்கைக் கீறலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்த வேலையைப் பூட்டுதான் செய்வாள். அன்று எழுந்து போகவில்லை.

இரண்டாம் நாள் தேர்வாளர் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, எத்தனை பேரோடு மல்லுக்கட்டுவது?

“சரி. ஆளுக்குப் பத்து பந்து. ரெண்டு பேரும் நில்லுங்க. யார் அதிகம் பிடிக்கறாங்களோ அவங்களுக்குச் சட்டை. நீங்களே அடிங்க, அப்புறம் எங்கிட்ட வந்து குத்தம் சொல்லக் கூடாது.”

நீங்களே அடிங்க என்று அவர் சொன்னதும் மேஸ்திரி குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டாள், சிரிப்பை மறைக்க.

முதலில் புதுசு நின்றாள். பீரங்கி மாதிரி அடித்தார்கள். மூலைக்கு அடித்தார்கள், முகத்துக்கு அடித்தார்கள். பத்தில் ஆறைத் தடுத்தாள். அடுத்தது பூட்டு. வந்தது பாருங்கள் பந்து. நடந்து வந்தது. விசாரித்துக்கொண்டு வந்தது. கைக்குழந்தையை மடி மாற்றுவது போல ஒவ்வொருத்தியும் அவள் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பத்தையும் பிடித்தாள்.

தேர்வாளர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெருமூச்சு விட்டார். பையிலிருந்து ஒன்றாம் எண் சட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இந்தாம்மா. வண்டில ஏறுங்க.”

கூச்சல், கைதட்டல், கொக்கு அவளைத் தூக்கியே விட்டாள். கீழே இறங்கினதும் பூட்டு சட்டையை விரித்துப் பார்த்தாள். ஆறு வருடமாக அந்த எண்ணை மேடத்தின் முதுகில் பார்த்தவள். இப்போது அது கையில் இருந்தது. ஆனால் கைக்கு என்னவோ போல இருந்தது. முந்தாநாள் ஒன்றரை மணி நேரம் சும்மா நின்றது, இன்று பஞ்சுமூட்டை பிடித்தது. இந்தத் தேர்வு தொடங்கியதிலிருந்து உள்ளங்கை இன்னும் ஒரு தடவைகூட எரியவில்லை.

“கொக்கு, ஒரு பந்து அடி.”

“எதுக்கு? அதான் முடிஞ்சுதே.”

“நிஜமா அடி. உன் இடது கால்ல.”

“அக்கா, உனக்குக் கிறுக்கா? கிடைச்சதை வாங்கிக்கிட்டு வண்டில ஏறு.”

“ஆறு வருஷமா உன் காலுக்குத் துணி சுத்தறேன், ஒரே ஒரு பந்து கேக்கறேன். பிச்சை கேக்க வெக்காதடி.”

கொக்கு மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி வேண்டாம் என்று தலையாட்டினாள். கொக்கு பந்தை வைத்தாள், பின்னால் போனாள், ஓடி வந்தாள்.

அந்தச் சத்தம் பூட்டுக்கு இன்னமும் காதில் இருக்கிறது. பந்து வலது மூலைக்கு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சீறிக்கொண்டு வந்தது. பாய்ந்தாள். நடுவிரல் நுனியில் பட்டது. பட்டும் நிற்கவில்லை, வலையில் போய் விழுந்தது. சேற்றில் குப்புறக் கிடந்தபடியே அவள் சிரிக்க ஆரம்பித்தாள். விரல் தீயாக எரிந்தது.

“இன்னொண்ணு.”

அதைத் தடுத்தாள். அடுத்தது போனது. அதற்கடுத்ததும் போனது. ஒவ்வொன்றுக்கும் எழுந்து, “அடி, அடி” என்று கத்தினாள். வலி, சேறு, வாயில் மண். இப்படி ஒரு காலைப்பொழுது அவளுக்கு அமைந்ததே இல்லை. கடைசியில் முட்டி மறுத்தபோதுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் எதிரே புதுசு. இதே மாதிரி பத்து, அதில் ஆறு. கணக்கு வாத்தியார் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

எழுந்து நொண்டிக்கொண்டே போய்ச் சட்டையைப் புதுசின் தோளில் போட்டாள்.

“இந்தா. எனக்கு அக்குள்ல பிடிக்குது.”

புதுசு தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். “நீங்க இன்னும் போட்டே பாக்கலையேக்கா.”

“பாத்தாலே தெரியுது. முழங்கையைக் காட்டு, மருந்து ஒழுங்காப் போட்டியா?”

இதோடு எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றால் அழகாகத்தான் இருக்கும். நடந்தது வேறு. மேஸ்திரி வண்டியில் பக்கத்தில் உட்கார வரவில்லை. பேசவும் இல்லை. மூன்றாம் நாள், வேறொரு நாட்டின் விமான நிலையத்தில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்காக ரெண்டு நாள் சோறு திங்காமக் கெடந்தோம். பேப்பர்ல பேர் நாறிச்சு. கடைசில நீ நல்லவளாயிட்ட, நாங்க கெட்டவங்களாயிட்டோம்.”

“நான் நல்லவ இல்லடி. எனக்குப் பந்து வேணும்னு தோணிச்சு, அவ்வளவுதான். நீங்கதான் கண்ணுலயே காட்டலையே.”

மேஸ்திரி முறைத்துக்கொண்டே நின்றாள். குழாயைத் திறந்து அவள் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு, அதன் பிறகுதான் சிரித்தாள்.

அரையிறுதி வரை போய்த் தோற்றார்கள். புதுசு நன்றாக ஆடினாள். அவளுக்கும் காய்ச்சல் எதுவும் வரவில்லை. பூட்டு பலகையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைத் திறந்தாள். மடிப்பு கலையாத சட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அலமாரியில் வைத்தாள். அந்த முறை ஒன்றுமே சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மைதானம் அடையாளமே தெரியவில்லை. விடுதி இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். ஆனால் அந்தக் கோடியிலிருந்த கோல் கம்பத்தைப் பார்த்ததும் பூட்டுக்குக் கால் தானாக அந்தப் பக்கம் போனது.

“நான் கீப்பரா நிக்க மாட்டேன்” என்று வந்ததுமே சொல்லிவிட்டாள் புதுசு. நாற்பதைத் தாண்டிவிட்டாள், கண்ணாடி போட்டிருந்தாள், இப்போதெல்லாம் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். பேர் மட்டும் இன்னும் புதுசு. “எதிர்ப்பக்கம் ஆடறேன். வாழ்க்கையில ஒரு தடவையாவது நானும் அடிச்சுப் பாக்கணும்.” பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். நாட்டு அணியின் நிறத்தில் சட்டை. முதுகில் ஒன்று.

“பெரிய சைஸா எடுத்திருக்கேன்க்கா. அக்குள்ல பிடிக்காது.”

பூட்டு அதை வாங்கிக்கொண்டு, உடை மாற்றுகிற அறைக்குப் போனாள். வெளியே வரக் கொஞ்சம் நேரம் ஆனது.

சுவர் கட்ட மேஸ்திரி வந்திருந்தாள். பழைய சுவர்தான், ஆனால் இப்போது ஜன்னலும் வாசலுமாக இருந்தது. விசில் ஊதிய முதல் நிமிடமே ஒரு பெண் பந்தைத் தள்ளிக்கொண்டு மேஸ்திரியைச் சுற்றி வந்தாள். சுற்றி வரக் கொஞ்சம் தூரம் ஆனது என்பது வேறு விஷயம். மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “போகுது பாரு பூட்டு” என்று சொன்னதோடு சரி. பூட்டு பாய்ந்தாள். பாய்ந்து முடிப்பதற்குள் பந்து உள்ளே போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

“என்ன பூட்டு, பந்து வந்துச்சா?” என்று நடுக்கோட்டிலிருந்து கத்தினாள் கொக்கு.

“வந்துச்சுடி. உள்ளயும் போயிடுச்சு.”

அதற்கப்புறம் வந்துகொண்டே இருந்தது. இடமிருந்து வந்தது, வலமிருந்து வந்தது, மேஸ்திரியின் கால் சந்து வழியாக வந்தது. சிலதைப் பிடித்தாள், சிலதை விட்டாள். புதுசு அடித்த ஒன்றை, எப்படி என்று அவளுக்கே தெரியாமல், ஒற்றைக் கையால் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டாள். “அடிப்பாவி, இதை அன்னைக்குப் பண்ணியிருக்கக் கூடாதா” என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டாள். “அன்னைக்கு நீ விட்டியா” என்றாள் பூட்டு. புதுப் புல்லுக்கு அடியில் பழைய சேறு அப்படியே இருந்தது. எத்தனைக்கு எத்தனை தோற்றார்கள் என்பதை விட்டுவிடுவோம்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை, அவ்வளவு சேறு. வீட்டுக்குப் போகாமல் அம்மா வீட்டுத் தெருவில் இறங்கினாள். அம்மா இப்போதும் அதே மூன்றாவது மாடிதான். இறங்குவதில்லை, ஏறுகிறவர்களைத் திட்டுவதோடு சரி. சாயங்கால வெயிலுக்கு மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அம்மா” என்று கீழேயிருந்து கூப்பிட்டாள் பூட்டு.

அம்மா குனிந்து பார்த்தாள். கண் மங்கலாகத்தான் தெரியும். சட்டையின் நிறம் தெரிந்தது போலிருக்கிறது. பிறகு மற்றதும் தெரிந்தது. மார்பில், முழங்கையில், வயிற்றில், அப்பிக் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்த சேறு. வெகுநேரம் பார்த்தாள்.

“திரும்பு” என்றாள்.

பூட்டு தெரு நடுவில் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். சைக்கிளில் போனவர் ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

“அப்படியே ஏறி வராதே. படியெல்லாம் சேறாயிடும். கழட்டி ஊற வெக்கணும், நல்ல சோப்பாப் போடணும், லேசுல போகாது இது” என்று அம்மா தனக்குள் பேசிக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் சுருட்டிய துண்டு.

“இந்தா, பிடி.”

பூட்டு ஓரடி முன்னால் வந்து, வலிக்கிற முட்டியை லேசாக மடக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்தாள்.